மண்டபம் கரையோரம் அமோனியா கண்டன்சர்: கடல்நீருக்கு எந்த டியூப்ஷீட்?

ஐஸ்பிளான்ட்_மண்டபம்:

எல்லாருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம் மீன், இறால் பதப்படுத்தும் யூனிட். அமோனியா சிஸ்டம். படுக்கை வாக்கில் கிடக்கும் ஷெல் அண்ட் டியூப் கண்டன்சர். ஷெல்லுக்குள் அமோனியா, டியூபுக்குள் வடகடல் (பாக் விரிகுடா) தண்ணீர் நேரடியாக.

ஷெல் உள்விட்டம் 610 மி.மீ. டியூப் 232, கார்பன் ஸ்டீல், வெளிவிட்டம் 25.4, சுவர் 2.77 மி.மீ. பிட்ச் (டியூப் மையத்துக்கு மையம்) 31.75, முக்கோண அடுக்கு, 4 பாஸ் (தண்ணீர் கண்டன்சர் நீளத்தை நான்கு முறை கடக்கும்). பம்ப் மணிக்கு 120 கன மீட்டர் தள்ளுகிறது. டிசைன் பிரஷர் 21 பார். டியூப் முனைகளைப் பிடித்து நிற்கும் துளைத் தட்டான டியூப்ஷீட் 40 மி.மீ., ஐஎஸ் 2062 என்று பழைய டிராயிங்கில் இருக்கிறது.

இதுவரை 19 டியூபுக்கு பிளக் அடித்தாயிற்று. டியூப் நடுவில் ஓட்டை இல்லை. ஒழுக்கு எல்லாம் டியூப்ஷீட் வாயில்தான். துளை விளிம்பு கரைந்து, டியூப் முனை தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. ரீரோல் செய்தால் (டியூப் முனையை உள்ளிருந்து மறுபடி உருட்டி விரித்தால்) கொஞ்ச நாள் நிற்கும், மறுபடி வெளித்தண்ணீரில் லிட்மஸ் தாள் நீலமாகும்.

மூன்று கொட்டேஷன் கையில் இருக்கிறது. அதே கார்பன் ஸ்டீலில் 50 மி.மீ. தடிமன் என்பது ஒன்று. நேவல் பிராஸ் டியூப்ஷீட்டும் அலுமினியம் பிராஸ் டியூபும் இன்னொன்று. கப்பலில் எல்லாம் இதுதான் ஓடுகிறது என்கிறார்கள். மூன்றாவது, முழுக்க 316எல் ஸ்டெயின்லெஸ். எதை எடுப்பது? அனுபவப்பட்ட அண்ணன்மார் சொல்லுங்கள்.

வடகடல்:

பிராஸ் கொட்டேஷனை இன்றைக்கே ஓரம் வையுங்கள் தம்பி. அமோனியாவோடு துளி ஈரமும் காற்றும் சேர்ந்தால் பிராஸ் வெடிப்பு விடும். ரோல் செய்த இடத்தில் இழுவிசை தேங்கி நிற்கும், வெடிப்பு அங்கேதான் முதலில் தொடங்கும். கப்பலில் பிராஸ் ஓடுகிறது என்றால், அங்கே ஷெல் பக்கம் நீராவியோ நன்னீரோ ஃப்ரீயானோ இருக்கிறது. அமோனியா இருக்கும் இடத்தில் செம்பு சேர்ந்த எந்த உலோகமும் வேண்டாம். டியூப், டியூப்ஷீட் மட்டுமில்லை. பிளக், வால்வு உள்பாகம், கேஜ் வரைக்கும் இதே விதி.

316எல் பார்க்கப் பளபளப்பாக இருக்கும், இந்தத் தண்ணீருக்குத் தாங்காது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைடு. கேஸ்கட்டுக்கு அடியில், டியூபுக்கும் துளைக்கும் இடையில், கொட்டலசு ஒட்டிய இடத்துக்குக் கீழே, இப்படிக் காற்றுப்படாத இடுக்கில் எல்லாம் 316எல் குழி விழும். கம்ப்ரசர் நின்று தண்ணீர் தேங்கிக் கிடக்கும் நேரம்தான் அதற்கு ரொம்பக் கெட்ட நேரம். வாடைக்காலத்தில் வடகடல் கலங்கி, சேறும் கடல்புல்லும் டியூபுக்குள் படிந்தால் இன்னும் வேகம்.

கார்பன் ஸ்டீல் 50 மி.மீ. என்பது அதே நோயைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது. உங்கள் தட்டு மெலிந்து உடையவில்லை. துளை வாய் அகன்று, டியூபைப் பிடிக்கும் பிடி போய்விட்டது. பத்து மி.மீ. கூட்டினால் வாய் கரைவது நிற்காது.

மிச்சம் இருப்பவை மூன்று. ஒன்று, டைட்டானியம் கிரேடு 2 டியூப், கடல்நீர் பக்கம் டைட்டானியம் கிளாட் (ஒட்டிய மேல்தகடு) போட்ட கார்பன் ஸ்டீல் டியூப்ஷீட். இரண்டு, 2507 சூப்பர் டூப்ளெக்ஸ் ஸ்டெயின்லெஸ். குளோரின் ஏற்றிய வெதுவெதுப்பான கடல்நீரில் கேஸ்கட் இடுக்கு இதற்கும் பலவீனமான இடம், அதனால் இரண்டாவது இடம்தான். மூன்று, கடல்நீரை டைட்டானியம் பிளேட் எக்ஸ்சேஞ்சரோடு நிறுத்திவிட்டு, நடுவில் சுத்திகரித்த நன்னீரைச் சுற்றவிட்டு, கண்டன்சரைக் கார்பன் ஸ்டீலாகவே வைத்துக்கொள்வது. மூன்றாவதில் கண்டன்சிங் வெப்பநிலை கூடும். ஒரு டிகிரி ஏறினால் கம்ப்ரசர் மின்சாரம் 2 முதல் 3 சதவீதம் ஏறும், அதைக் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று. லிட்மஸ் தாளை நம்பாதீர்கள். கடல்நீரின் பிஹெச் இயல்பிலேயே 8.1 வாக்கில் இருக்கும், ஒழுக்கே இல்லாவிட்டாலும் சிவப்பு லிட்மஸ் நீலமாகிவிடும். ஃபீனால்ஃப்தலீன் கூட 8.2-க்கு மேல் சிவக்க ஆரம்பிப்பதால் குழப்பும். இறால் பண்ணைக்காரர்கள் குளத்துத் தண்ணீரில் அமோனியா பார்க்கும் டெஸ்ட் கிட் நம் பக்கம் எளிதாகக் கிடைக்கிறது. கடல்நீருக்கு என்று எழுதியிருக்கும் சாலிசிலேட் கிட் வாங்கி, உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் ஒரே நேரத்தில் எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் வந்தால்தான் ஒழுக்கு.

டிசைன்_மேசை:

தடிமன் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், ஏனென்றால் உங்கள் 40 மி.மீ. தட்டே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

டெமா (வெப்பப் பரிமாற்றி தயாரிப்பாளர் சங்கத் தரநூல்) வளைவுச் சூத்திரம்: தடிமன் = (எஃப் × ஷெல் விட்டம் ÷ 3) × வர்க்கமூலம் (அழுத்தம் ÷ (துளைக்குறைப்பு எண் × அனுமதித்த தகைவு)). முக்கோண அடுக்கில் துளைக்குறைப்பு எண் = 1 − 0.907 ÷ (பிட்ச் ÷ டியூப் விட்டம்)². 31.75 ÷ 25.4 = 1.25, ஆக எண் 0.42. எஸ்ஏ 516 கிரேடு 70 (பிரஷர் வெசல் தட்டு)-க்குத் தகைவு 138 மெகாபாஸ்கல், அழுத்தம் 2.1 மெகாபாஸ்கல், எஃப் (தட்டு விளிம்பு தாங்கப்படும் விதத்துக்கான எண்) 1 என்று பாதுகாப்பாக வைத்தால் விடை 38.7 மி.மீ.

இது உலோகம் முழுசாக இருக்க வேண்டிய அளவு. எண்ட் கவரின் பாஸ் பிரிக்கும் தகடு உட்காரும் காடி 5 மி.மீ. ஆழம் என்றால் உங்கள் 40-ல் மிஞ்சுவது 35. ஷெல்லோடு வெல்டு செய்த தட்டுக்கு எஃப் குறையலாம் என்பதால் இதுவரை தாங்கியிருக்கும். ஆனால் துரு தின்பதற்கு என்று ஒரு மி.மீ. கூட ஒதுக்கியதாகத் தெரியவில்லை. கடைசிக் கணக்கை ஆஸ்மி (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்க விதிநூல்) செக்‌ஷன் 8, டிவிஷன் 1, டியூப்ஷீட்டுக்கான யூஎச்எக்ஸ் பகுதிப்படி போடச் சொல்லுங்கள். டியூபும் ஷெல்லும் தட்டைத் தாங்குவதை அது சேர்த்துப் பார்க்கும்.

புதிதாகச் செய்வதென்றால் அடித்தட்டு 45 மி.மீ., அதன் மேல் டைட்டானியம் 10 மி.மீ. கிளாட் தடிமனைப் பலத்தில் சேர்க்கக் கூடாது. டெமா கேட்பது, டியூபை வெல்டு செய்தால் கிளாட் 3.2 மி.மீ., வெறும் ரோலிங் என்றால் 8 மி.மீ. நான் 10 சொல்வது காடிக்காக. 5 மி.மீ. காடி வெட்டிய பிறகும் அடியில் 5 மி.மீ. டைட்டானியம் இருக்க வேண்டும். கிளாட் மெல்லியதாக இருந்து காடியின் அடி ஸ்டீலைத் தொட்டுவிட்டால், அந்தக் கோடு வழியாகவே கடல்நீர் தட்டைத் தின்றுவிடும்.

ஐஎஸ் 2062 கட்டுமான ஸ்டீல், அதை மறந்துவிடுங்கள். பிரஷர் வெசல் தட்டே வேண்டும்: நார்மலைஸ் செய்தது, அல்ட்ராசோனிக் பார்த்தது. தட்டு உருட்டும்போது உள்ளே அடுக்குப் பிளவு இருந்தால், துளை போட்ட பிறகு ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு அமோனியா அதன் வழியே நடக்கும். எவ்வளவு ரோல் செய்தாலும் அது நிற்காது.

கீழக்கரை_மெக்கானிக்:

டைட்டானியம் கிளாட் தட்டு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை யூனிட்டை மூடமுடியாது. சீசன் தாண்ட எபாக்ஸி கோட்டிங் வழி இருக்கிறது.

முதலில் தேவையான ரீரோல் எல்லாம் முடித்துவிடுங்கள். கோட்டிங்குக்குப் பிறகு எக்ஸ்பாண்டர் (டியூபை உருட்டி விரிக்கும் கருவி) விட்டால் பூச்சு வெடிக்கும். டியூப்ஷீட் முகத்தை நன்னீரால் பலமுறை கழுவுங்கள். உப்பு ஏறிய முகத்தை அப்படியே பிளாஸ்ட் செய்தால் உப்பு குழிக்குள் இறங்கி, பூச்சுக்கு அடியில் கொப்புளம் கிளப்பும். கழுவி, பிளாஸ்ட் செய்து, மறுபடி கழுவி, உலர்த்தி, கடைசியாக எஸ்ஏ 2½ அளவுக்கு (ஏறத்தாழ வெறும் உலோகமே தெரியும் சுத்தம்) பிளாஸ்ட். நம் கரையில் இரண்டு பிளாஸ்ட் இல்லாமல் இந்த வேலை ஒட்டாது.

ஒவ்வொரு டியூப் வாயிலும் கூம்பு பிளக் செருகி, பூச்சு ஒட்டாத மெழுகு தடவி, செராமிக் கலந்த எபாக்ஸி பேஸ்டை இடைவெளியில் அழுத்தி நிரப்பி முகத்தைச் சமமாக்க வேண்டும். அது இறுகியதும் இரண்டாம் பூச்சு. பிளக்கை உருவி, டியூப் வாயை வழுவழுப்பாகத் தேய்த்துவிட்டு, ஸ்பார்க் டெஸ்ட் (உயர் மின்னழுத்தப் பொறிச் சோதனை) போட்டு ஊசித்துளை பாருங்கள்.

உலோகத்தின் சூடு பனிநிலைக்கு (காற்றின் ஈரம் துளியாகப் படியும் வெப்பநிலை) மேல் குறைந்தது 3 டிகிரி இருக்கணும். இங்கே காற்றில் ஈரம் அதிகம், பிளாஸ்ட் செய்த ஸ்டீல் சாயங்காலத்துக்குள் மஞ்சள் பூத்துவிடும். எண்ட் கவர் வாயில் தார்ப்பாய் கட்டி, உள்ளே விளக்கைப் போட்டுச் சூடு வைத்துக்கொண்டு, பகலிலேயே முதல் பூச்சை முடித்துவிட வேண்டும்.

வடகடல்:

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்ன முறை சரி, தற்காலிகத்துக்கு. இரண்டு எச்சரிக்கை மட்டும். துளைக்குள் பிடி போன டியூபை இந்தப் பூச்சு பிடித்து நிறுத்தாது. 21 பார் டிசைன் உள்ள ஜாயிண்டை எபாக்ஸி தாங்குகிறது என்று யாரும் எழுதிக் கொடுக்கவும் கூடாது. இரண்டாவது, பிளாஸ்ட் செய்யும் முன் அமோனியாவை ரிசீவருக்கு இழுத்து, கண்டன்சரை இரண்டு வால்வு போட்டுத் தனிமைப்படுத்தி, மிச்சத்தை வெளியேற்றிவிட்டுத்தான் ஆள் எண்ட் கவருக்குள் தலையை நுழைக்கணும்.

ஐஸ்பிளான்ட்_மண்டபம்:

ரொம்ப நன்றி அண்ணே, காக்கா, டிசைன் சார். முதலாளி டைட்டானியம் கிளாட்டுக்குச் சம்மதித்துவிட்டார். பழைய ஷெல்லை வைத்துக்கொண்டு டியூப்ஷீட் மட்டும் மாற்ற முடியுமா? ஆர்டரில் என்னென்ன எழுதணும்?

துவாக்குடி_ஃபேப்:

டியூப்ஷீட் ஷெல்லோடு வெல்டு ஆகியிருக்கிற டிசைன் இது. அதை வெட்டி எடுத்தால் டியூப், பேஃபிள் (டியூபை நடுவில் தாங்கும் தகடு), டை ராடு (பேஃபிளைப் பிடிக்கும் கம்பி) எல்லாமே போகும். மிஞ்சுவது ஒரு துருப்பிடித்த ஷெல். புது யூனிட்டாகவே செய்யுங்கள், செலவு வித்தியாசம் பெரிதாக இருக்காது. நாசில் இடமும் கால் இடமும் மட்டும் பழைய டிராயிங்படி வைத்தால் பைப்பிங் மாற்ற வேண்டாம்.

தட்டு: எஸ்ஏ 516 கிரேடு 70, 45 மி.மீ. அதன் மேல் வெடிமுறையில் (வெடிமருந்து வெடிக்கும் அழுத்தத்தில்) ஒட்டிய டைட்டானியம் கிரேடு 1, 10 மி.மீ. டியூப் கிரேடு 2 ஆக இருந்தாலும் கிளாட்டுக்குக் கிரேடு 1 எடுப்பது வழக்கம், மென்மையானது என்பதால் நன்றாக ஒட்டும். ஒட்டுப் பரப்பை நூறு சதவீதம் அல்ட்ராசோனிக் பார்த்த ரிப்போர்ட் துளை போடுவதற்கு முன்பே கையில் இருக்கணும். துளை போட்ட பிறகு ஒட்டவில்லை என்று தெரிந்தால் தட்டும் போச்சு, கூலியும் போச்சு.

டைட்டானியத்தைக் கார்பன் ஸ்டீலோடு நேரடியாக வெல்டு செய்ய முடியாது, நொறுங்கும் கலவை உண்டாகும். அதனால் ஷெல்லோடு சேரும் வெல்டு முழுக்க ஸ்டீல் பக்கமே இருக்க வேண்டும். வெல்டு சூடு கிளாட் ஒட்டுக்கு ஏறாதபடி டியூப்ஷீட் பின்புறத்தில் ஒரு கழுத்து கடைந்து, ஷெல்லை அந்தக் கழுத்தோடு சேர்ப்பது நல்லது. கழுத்துக்கு வேண்டிய உயரம் தட்டில் கூடுதலாக இருக்கணும், அதற்காக அடித்தட்டை ஃபோர்ஜிங்காக எடுப்பதும் உண்டு. ஃபோர்ஜிங் என்றால் எஸ்ஏ 266.

இனி துளை. காசு இங்கேதான் நிற்கும் அல்லது கரையும்.

25.4 டியூபுக்கு டெமா சாதாரணப் பொருத்தம் 25.70, நெருக்கப் பொருத்தம் 25.65. டைட்டானியத்துக்கு நெருக்கப் பொருத்தமே எழுதுங்கள். டியூப் சுவர் மெல்லியது, துளை பெரிதானால் சுவரை அதிகம் விரிக்க வேண்டியிருக்கும், டைட்டானியம் விரித்ததும் கெட்டிப்பட்டு எதிர்க்கும். 0.05 கூட, 0.05 குறைய. 96 சதவீதத் துளை இதற்குள் வரணும், மிச்சம் எதுவும் 0.25-க்கு மேல் பெருக்கக் கூடாது. உங்கள் 232-ல் இந்தச் சலுகை 9 துளைக்குத்தான்.

டிரில் டைட்டானியம் முகத்திலிருந்து இறங்க வேண்டும். ஸ்டீல் பக்கமிருந்து வந்தால் கடைசியில் கிளாட்டைத் தள்ளிப் பிரிக்கும். கோபால்ட் டிரில், டைட்டானியத்தில் நிமிஷத்துக்கு 10 முதல் 15 மீட்டர் வெட்டு வேகம், கூலன்ட் நிற்காமல். ஃபீட் நிறுத்தி டிரில்லை ஒரே இடத்தில் சுழலவிட்டால் அந்த இடம் கெட்டிப்பட்டு அடுத்த டிரில்லைத் தின்னும். 25-க்கு டிரில், பிறகு 25.65-க்கு ரீமர். டைட்டானியம் பொடிச்சீவல் தீப்பிடிக்கும். பக்கத்தில் உலர்ந்த மணல் வையுங்கள், தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஸ்டீல் பகுதிக்குள் இரண்டு வளையக் காடி, 3.2 மி.மீ. அகலம், 0.4 ஆழம். டியூப் இதற்குள் பிதுங்கிப் பிடிக்கும். பின்புற விளிம்புப் பிசிறை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் டியூப் நுழையும்போதே கீறும்.

சோதிக்கும்போது துளை அளவு பார்ப்பதோடு விடாதீர்கள். விரலை உள்ளே விட்டு, நகத்தை வட்டமாகவும் ஓட்டுங்கள், நீளவாக்கிலும் ஓட்டுங்கள். வட்டமாக ஓடும் டிரில் தடம் தொந்தரவில்லை. ரீமரை நிறுத்திய நிலையில் உருவும்போது விழும் நீளக்கோடு ஒன்று இருந்தால், நகத்தை வட்டமாக இழுக்கையில் தட்டுப்படும். அது முன்முகத்திலிருந்து பின்முகம் வரை போகும் வாய்க்கால். ரோலிங் அதை மூடாது.

பேஃபிளையும் டியூப்ஷீட் புரோகிராமை வைத்தே சிஎன்சியில் போடுங்கள். பேஃபிள் துளை: தாங்கலில்லாத டியூப் நீளம் 914 மி.மீ. அல்லது அதற்குள் என்றால் டியூப் விட்டத்தோடு 0.8, அதற்கு மேல் என்றால் 0.4.

முகவை_வெல்டர்:

வெல்டு முதலா ரோல் முதலா என்று கடையில் சண்டை வரும், அதையும் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். சிலர் முழுசாக ரோல் செய்துவிட்டு வெல்டு வைப்பார்கள். டியூபுக்கும் துளைக்கும் நடுவில் அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து உருகிய உலோகத்தைத் துளைத்துக்கொண்டு வரும், எக்ஸ்பாண்டர் எண்ணெயும் ஆவியாகி வெல்டுக்குள் போகும். டைட்டானியம் இதை மன்னிக்காது. டியூப் அசையாமல் நிற்கும் அளவுக்கு லேசான தொடு ரோல், எண்ணெய் இல்லாமல். பிறகு சீல் வெல்டு. பிறகு சோப்பு நுரைச் சோதனை. அதற்கும் பிறகு முழு ரோல்.

வெல்டுக்கு முன் டியூப் முனையையும் துளை வாயையும் அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள், துணி வெள்ளையாகவே திரும்பும் வரை. கார்பன் ஸ்டீல் கிரைண்டிங் பொறி பறக்கும் ஷெட்டில் இந்த வேலை செய்யக் கூடாது, கம்பி பிரஷ் புதுசு, ஸ்டெயின்லெஸ், டைட்டானியத்துக்கு மட்டும். ஆர்கான் 99.995-க்குக் குறையாமல். டார்ச்சை எடுத்ததும் கேஸை நிறுத்தக் கூடாது, ஆறும் வரை மேலே ஓடணும்.

நிறம்தான் சாட்சி. வெள்ளி நிறம் என்றால் நல்லது. வைக்கோல் மஞ்சள் வரைக்கும் ஏற்கலாம். நீலம் என்றால் காற்று தொட்டிருக்கிறது. சாம்பல் அல்லது வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அந்த வெல்டு கண்ணாடி மாதிரி உடையும், சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கணும். நீலத்தை பிரஷ் போட்டுத் தேய்த்து வெள்ளியாக்கிக் காட்டுவார்கள். அதனால் பிரஷ் போடும் முன்பே ஒவ்வொரு வரிசையையும் இன்ஸ்பெக்டர் பார்க்கணும் என்று எழுதுங்கள்.

யூனிட் இடத்தில் இந்த வெல்டு வேண்டாம். மண்டபத்தில் சோழகம் அடித்தாலும் வாடை அடித்தாலும் ஆர்கான் நிற்காது, காற்றில் உப்பு வேறு. மூடிய அறை உள்ள ஃபேப்ரிகேஷன் கடையிலேயே முடித்துக் கொண்டுவாருங்கள்.

வேலை தொடங்கும் முன் அதே தட்டு, அதே டியூபில் பத்து ஜாயிண்ட் கொண்ட மாதிரித் துண்டு செய்து, அறுத்துப் பார்க்கச் சொல்லணும். ஆஸ்மி செக்‌ஷன் 9-லேயே இந்தப் பத்து இருக்கிறது.

டிசைன்_மேசை:

முழு ரோலுக்குக் கணக்கு தருகிறேன். டியூப் சுவர் 0.889 என்று எடுத்தால் உள்விட்டம் 23.62. துளைக்கும் டியூபுக்கும் இடைவெளி 0.25. டைட்டானியத்துக்குச் சுவர்க் குறைப்பு 5 சதவீதம் போதும்: 2 × 0.889 × 0.05 = 0.09. ஆக ரோல் முடிந்ததும் உள்விட்டம் 23.62 + 0.25 + 0.09 = 23.96. துளை அளவு ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் மாறும் என்பதால், குறித்துவைத்த துளை அளவை வைத்து இலக்கை நகர்த்த வேண்டும். டார்க் கன்ட்ரோல் எக்ஸ்பாண்டரை மாதிரித் துண்டில் இந்த அளவுக்குச் செட் செய்துவிட்டு, ஒவ்வொரு டியூப் கட்டிலும் சில டியூபை உள்விட்ட கேஜால் பாருங்கள்.

ரோல் வெல்டிலிருந்து 12 மி.மீ. தள்ளித் தொடங்கி, பின்முகத்துக்கு 3 மி.மீ. முன்பே நிற்கணும். 55 மி.மீ. மொத்தத்தில் 40 மி.மீ. பிடி. பின்முகத்தைத் தாண்டி ரோலர் போனால் டியூப் அங்கே கழுத்து வீங்கி, அதிரும்போது அந்த வளையத்திலேயே அறுந்துவிடும். வரிசையாக ஒரு மூலையிலிருந்து உருட்டிக்கொண்டே போகாதீர்கள், தட்டு வளையும். இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று பரப்பிச் செய்யுங்கள். அதிகம் உருட்டினால் பக்கத்துத் துளை சற்று முட்டை வடிவமாகி, ஏற்கெனவே பிடித்திருந்த டியூப் தளரும். ஒழுகுகிறது என்று அதை மறுபடி உருட்டுவார்கள், அப்புறம் அடுத்தது. உங்கள் பழைய யூனிட்டின் ரீரோல் கதையிலும் இது ஒரு பங்காக இருக்க வாய்ப்புண்டு.

இதைவிட முக்கியமாக இரண்டு விஷயம், யாரும் இன்னும் சொல்லவில்லை.

அதிர்வு. பழைய 2.77 கார்பன் ஸ்டீல் டியூபோடு ஒப்பிட்டால் 0.889 டைட்டானியம் டியூபின் வளைவு விறைப்பு ஐந்தில் ஒரு பங்குதான். பழைய பேஃபிள் இடைவெளியை அப்படியே நகல் எடுத்தால், அமோனியா வாயு நுழையும் இடத்தில் டியூப் ஆடி பேஃபிள் துளையில் தேய்ந்து ஓட்டையாகும். அதிர்வுக் கணக்கு போட்டு இடைவெளியைக் குறைக்கச் சொல்லுங்கள், நாசிலுக்கு நேரே, வாயுவின் வேகத்தை டியூபுக்குப் பதில் வாங்கும் மோதல் தட்டு வையுங்கள். 21 பார் வெளி அழுத்தத்துக்குச் சுவர் போதுமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். 1.245 சுவர் எடுத்தாலும் தவறில்லை.

வேகம். ஒரு பாஸில் 58 டியூப். மணிக்கு 120 கன மீட்டருக்குப் பழைய டியூபில் நொடிக்கு 1.86 மீட்டர் ஓடியது. டைட்டானியத்தில் உள்விட்டம் பெருத்ததால் அதே பம்பில் 1.31-தான் வரும். டைட்டானியத்துக்கு உயிரினத்தைக் கொல்லும் குணம் கிடையாது; மெதுவாக ஓடினால் கொட்டலசும் பாசியும் குடியேறும். மணிக்கு 165 கன மீட்டர் தள்ளினால் 1.80 கிடைக்கும். ஆனால் பழைய பைப்பில் உராய்வு இழப்பு ஏறத்தாழ 1.9 மடங்காகும், பம்ப் ஹெட் பார்த்துக்கொள்ளுங்கள். பம்பை மாற்ற முடியாதென்றால் டியூப் எண்ணிக்கையைக் குறைத்துப் பரப்பை மறுகணக்குப் போடணும்.

தொண்டி_ஃப்ரீயான்:

இடையில் ஒரு கேள்வி. எங்களுடையது ஃப்ரீயான் சிஸ்டம், சின்ன கண்டன்சர். நாங்களும் டைட்டானியத்துக்கே போகணுமா?

வடகடல்:

வேண்டாம். ஃப்ரீயானுக்குச் செம்புக் கலவை தாராளமாகப் போடலாம். 90/10 குப்ரோ நிக்கல் டியூப், அதே கலவையில் டியூப்ஷீட், எண்ட் கவரில் துத்தநாக ஆனோடு, தண்ணீர் வேகம் நொடிக்கு 2 மீட்டர் வாக்கில். ஒன்று மட்டும் பாருங்கள்: மீன் கழிவு கலக்கும் துறைமுகத் தண்ணீரை இழுக்காதீர்கள். அழுகிய தண்ணீரில் உள்ள சல்ஃபைடு, குப்ரோ நிக்கலின் காப்புப் படலத்தைக் கெடுத்துவிடும். புது டியூபுக்குத் தொடக்கத்தில் சுத்தமான, ஓடும் கடல்நீரே கொடுங்கள், நல்ல படலம் கட்டட்டும்.

ஐஸ்பிளான்ட்_மண்டபம்:

எண்ட் கவர் பழையது நன்றாக இருக்கிறது, கார்பன் ஸ்டீல், உள்ளே பெயின்ட் அடித்தது. அதையே புது டியூப்ஷீட்டில் மாட்டலாமா?

வடகடல்:

அப்படியே மாட்டினால் கவர் போய்விடும். டைட்டானியம் முகமும் 232 டியூபும் சேர்ந்து பெரிய கேத்தோடு, கவரின் ஸ்டீல் ஆனோடு. பெயின்ட்டில் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் மொத்த மின்னோட்டமும் அந்தக் கீறலில் குவிந்து, தகட்டைத் துளைத்துவிடும். பெயின்ட் இல்லாத கவரைவிட அரைகுறைப் பெயின்ட் அடித்த கவர் சீக்கிரம் ஓட்டையாகும்.

கவருக்கு உள்ளே ரப்பர் லைனிங், 4 முதல் 5 மி.மீ., ஃபிளேஞ்ச் முகம் வரைக்கும் மடித்து, முழுப் பரப்பும் ஸ்பார்க் டெஸ்ட். பாஸ் பிரிக்கும் தகட்டின் விளிம்பிலும் லைனிங் வேண்டும், பலர் விட்டுவிடும் இடம் அது. முடிந்தால் டைட்டானியம் டியூப்ஷீட் முகத்துக்கும் எபாக்ஸி பூசுங்கள். கேத்தோடு பரப்பு சுருங்கினால் மின்னோட்டமும் சுருங்கும்.

ஆனோடு கூடவே வைக்கிறேன் என்று மக்னீசியம் எதையும் தொங்கவிடாதீர்கள். கேலமெல் எலெக்ட்ரோடை (ஒப்பீட்டு மின்முனை) வைத்து அளந்தால் டைட்டானியத்தின் மின்னழுத்தம் −0.75 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. போனால் ஹைட்ரஜன் உறிஞ்சி டியூப் முனை நொறுங்கும் அபாயம் உண்டு, சூடான வாயு நுழையும் பக்கம் அது கூடும்.

பம்புக்குப் பிறகு 3 முதல் 5 மி.மீ. துளையுள்ள கூடை ஸ்ட்ரெய்னர் இரண்டு, மாற்றி மாற்றிச் சுத்தம் செய்ய. வெளிவாயில் மிச்சக் குளோரின் 0.2 முதல் 0.5 பிபிஎம் போதும்.

துவாக்குடி_ஃபேப்:

கடைசியாகச் சோதனை. முழு ரோல் முடிந்ததும் ஷெல்லை நன்னீரில் 27.3 பாருக்கு ஏற்றுங்கள், டிசைனின் 1.3 மடங்கு. எண்ட் கவர் கழற்றியிருக்க, ஒவ்வொரு டியூப் வாயையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் பார்க்கணும். அழுத்தம் ஏற்றும் முன் துடைக்காமல் விட்டால் பழைய ஈரம் எது, ஒழுக்கு எது என்று தெரியாது. கடல்நீரிலோ உவர்ப்பான போர் தண்ணீரிலோ டெஸ்ட் செய்யாதீர்கள்.

தண்ணீரை வடித்து, சூடான காற்று விட்டு உலர்த்தி, வாக்குவம் போட்டு நிறுத்திப் பாருங்கள். காற்று மிஞ்சிய ஷெல்லில் அமோனியா ஏற்றினால் கார்பன் ஸ்டீலுக்கும் தகைவு வெடிப்பு வரும். தொழிற்சாலை ஆய்வுக்கு டிராயிங், தட்டு சான்றிதழ், கிளாட் அல்ட்ராசோனிக் ரிப்போர்ட், மாதிரித் துண்டு ரிப்போர்ட், துளை அளவுப் பட்டியல், ரோல் அளவுப் பட்டியல், ஹைட்ரோ சான்றிதழ் எல்லாம் ஒரே ஃபைலில் வாங்கிவிடுங்கள். கடை பில் கொடுத்த பிறகு துளைப் பட்டியல் கிடைக்காது.

யூனிட்டோடு கூடவே டைட்டானியம் கூம்பு பிளக் பத்துப் பதினைந்தும் ஆர்டர் போடுங்கள். எப்போதாவது ஒரு டியூபை அடைக்க நேர்ந்தால், அவசரத்துக்கு ஸ்டீல் பிளக் அடித்துவிடுவார்கள். டைட்டானியத்துக்கு நடுவில் அந்த ஸ்டீல் சில வாரத்தில் கரைந்து, அமோனியா நேராகக் கடல்நீரில் இறங்கும். பிளக் அடிக்கும் முன் அந்த டியூபில் ஒரு சின்னத் துளை போட்டுவிடுங்கள், உள்ளே அழுத்தம் அடைபடாமல் இருக்க. பிறகு டியூபின் இரண்டு முனையிலும் பிளக் அடித்து வெல்டு வையுங்கள்.